தபால் பெட்டியில் இருந்த பெயர்

என் செல்லப் பிள்ளைக்கு,

இதை நீ மெதுவாகத்தான் வாசிப்பாய். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டி, விளங்காத சொல்லுக்கு அப்பாவுக்குப் போன் எடுத்துக் கேட்டு, ஒரு பின்னேரம் முழுக்க வைத்திருந்து வாசிப்பாய். எனக்கும் அதுதான் வேண்டும். நேரில் நான் ஒரு வசனம் தொடங்கினால் நீ அதைப் பிரெஞ்சில் முடித்துவிடுவாய். போனில் சொன்னால் "அம்மா, வேலையிலை நிக்கிறன்" என்பாய். கடிதத்தில் நீ இடையில் புக முடியாது. ஆகவே நான் சொல்ல வந்ததை முழுதாகச் சொல்லி முடிக்கப்போகிறேன், நீ கேட்டுத்தான் ஆகவேண்டும்.

போன ஞாயிறு நீ கோபித்துக்கொண்டு எழும்பிப் போனபோது உனக்கென்று கட்டி வைத்த நண்டுக்கறியை மேசையிலேயே விட்டுவிட்டாய். நீ பிறந்து இந்த இருபத்தெட்டு வருடத்தில் என் சாப்பாட்டை விட்டுவிட்டுப் போனது அன்றுதான் முதல் தடவை. அதைப் பார்த்த பிறகுதான் உன் கோபம் உண்மையான கோபம் என்று எனக்கு விளங்கியது. அப்பா அடுத்த நாள் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனார். "பிள்ளை கோவிச்சாலும் அப்பனுக்கு நல்லதாத்தான் முடிஞ்சிருக்கு" என்று போகும்போது சொன்னார். அவருக்கு எல்லாம் பகிடிதான். 

நடந்தது இவ்வளவுதான். என் முழங்கால் இனிப் படியேறாது என்று டொக்டர் சொன்ன நாளிலிருந்து பாரிசை விட்டுத் தள்ளியிருக்கிற பூர்கோன் கிராமத்து வீட்டை விற்பதா வைத்திருப்பதா என்று நானும் அப்பாவும் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தோம். நீ வந்து, மாப்பிள்ளையும் நீயும் கந்தோர் வேலையை விட்டுவிட்டு அங்கேயே போய் இருக்கப்போவதாகவும், விடுமுறைக்கு வருபவர்களுக்கு அந்த வீட்டை வாடகைக்கு விடுகிற வேலையை இனி நீங்களே பார்ப்பதாகவும் சொன்னாய். எனக்குச் சந்தோசத்தில் நெஞ்சு நிறைந்துவிட்டது. முகத்தில் காட்டவில்லை, அது என் குணம். திரான்சியில் ஆறாம் மாடியில் வளர்ந்த மாப்பிள்ளைக்குத் தொட்டால் சொறிகிற காஞ்சோண்டிக்கும் புதினாவுக்கும் வித்தியாசம் தெரியாதே என்று நினைத்துச் சிரித்ததும் உண்மை. அப்போதுதான் நீ சோற்றைப் பிசைந்தபடி அந்தக் கதையை எடுத்தாய்.

"அம்மா, வாசல்லை இருக்கிற தபால் பெட்டியிலை அந்தப் பேரை நான் கழட்டப்போறன்."

"அது இருக்கட்டும் பிள்ளை. பேரை மாத்தினா வாற சனமும் வராது."

"அப்ப எனக்கு அந்த வீடு வேண்டாம்."

நீ அதைத் தமிழில் சொன்னாய். உனக்குப் பிரெஞ்சில் கோபம் வந்தால் பத்து நிமிடத்தில் ஆறிவிடும். தமிழில் வந்தால்தான் எனக்குப் பயம்.

வீடு வாங்கிய கதை உனக்குத் தெரியும். ஏன் வாங்கினோம் என்பதை நான் சொன்னதில்லை. இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு, நீ பதினொரு வயதுப் பிள்ளை. அந்த வருடம் பாரிஸ் லாச்சப்பலின் தமிழ்க் கடைகளில் தொலைக்காட்சிக்கு முன்னால் நின்ற சனம் வாங்க வந்த மரக்கறியையும் மறந்து நின்றது. அதுவரை நானும் அப்பாவும் ஊரில் ஒரு வீடு கட்டுவோம் என்று சொல்லிச் சொல்லியே சேர்த்து வந்தோம். வைகாசி மாதத்துக்குப் பிறகு அந்தப் பேச்சை இரண்டு பேருமே எடுக்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால் அழுகை வந்துவிடும் என்று பயம். அப்பா வேலை செய்த உணவகத்துக்கு ஒரு கலியாணச் சாப்பாட்டு ஓடர் வந்து, அதைக் கொடுக்க அவர் பூர்கோன் பக்கம் போனார். திரும்பி வந்து சப்பாத்தைக் கழற்ற முதலே, "இஞ்சேரும், ஒரு வீடு பாத்தன். கூரை ஒழுகுது. ஆனா நாலு அறை, சுத்திவரக் காணி" என்றார். உங்களுக்கு விசரோ என்று கேட்டேன். அடுத்த ஞாயிறு நானும் போய்ப் பார்த்தேன். அங்கே கட்டாத வீட்டை இங்கே வாங்குகிறோம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அதற்குப் பிறகு என்னைத் தடுக்க அப்பாவாலும் முடியவில்லை.

வாங்கின கையோடு ஒன்று விளங்கியது. அந்த வீடு நிற்கவேண்டுமென்றால் அது தன் சாப்பாட்டைத் தானே உழைக்கவேண்டும். ஊர் ஆட்கள்தான் ஜீத் என்கிற அந்தச் சொல்லை எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். கிராமத்து வீட்டைக் கிழமைக் கணக்கில் விடுமுறைக்காரருக்கு விடுவது. எனக்கு அந்த வேலை புதிதல்ல. கிழமை நாளில் பாரிஸ் ஹோட்டலில் அறை துடைத்தேன், சனிக்கிழமை என் சொந்த வீட்டில் அறை துடைத்தேன். படுக்கை விரிப்பை நான் இழுத்து மடித்தால் அதில் போட்ட காசு துள்ளும். அப்பா படம் எடுத்தார், உண்மையான பெயரில் விளம்பரம் போட்டோம். ஒரு கோடை முழுக்க யாரும் வரவில்லை. போன் எடுத்த இரண்டு பேரும் என் குரலைக் கேட்டதும் பிறகு எடுக்கிறோம் என்றார்கள். பிறகு எடுக்கவே இல்லை.

அந்தப் பெயரைக் கண்டுபிடித்தது நான்தான். இதில் அப்பாவை நீ குற்றம் சொல்லாதே. வாசல் தபால் பெட்டியில் பழைய சொந்தக்காரரின் பெயர் நீல நிறத் தகட்டில் அப்படியே இருந்தது: மர்ச்சான். மனுசன் செத்து, பிள்ளைகள் வீட்டை எங்களுக்கு விற்றிருந்தார்கள். ஒருநாள் அந்தத் தகட்டைத் துடைத்துக்கொண்டு நின்றபோது, இது இங்கேயே இருக்கட்டும், விளம்பரத்திலும் இதையே போடுவோம் என்று யோசனை வந்தது. வீட்டு உறுதியிலும் வரிக் கடிதத்திலும் அப்பாவின் பெயர்தான், அதில் ஒளிப்பு மறைப்பு இல்லை. வெளியே மட்டும் மர்ச்சான் ஐயா. எங்கள் இருவரின் பிரெஞ்சும் கடைத்தெரு பிரெஞ்சு என்பதால் வருகிறவர்களுக்குப் பதில் எழுதும் வேலை உன் தலையில் விழுந்தது. நீ அதை எவ்வளவு சந்தோசமாகச் செய்தாய் என்று நினைவிருக்கிறதா? உன் கையில் அந்தச் செத்த மனுசன் எழும்பி நடமாடத் தொடங்கினார். அவருக்கு ரோசாச் செடி பிடிக்கும் என்று எழுதினாய். முதுகு வலி, அதனால் நேரில் வர முடியாது என்று எழுதினாய். ஒரு வருடம் அவருக்குப் பேரப்பிள்ளைகூடப் பிறந்தது. நீ கணினிக்கு முன்னால் இருந்து வாசித்துக் காட்ட, நாங்கள் மூன்று பேரும் வயிறு நோகச் சிரித்தோம். ஆட்களும் வரத் தொடங்கினார்கள்.

ஒன்று மட்டும் என்னால் மாற்ற முடியவில்லை. வருகிறவர்கள் வெறும் வீட்டுக்குள் நுழைவதை என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. வாடகைக்கு வந்தாலும் வாசலுக்கு வந்தவர்கள் வந்தவர்கள்தானே. வெள்ளி பின்னேரம் லாச்சப்பலில் வாங்கிய கறிவேப்பிலை காருக்குள் மணக்க மணக்கப் போய், சனி காலையில் ரோல்ஸ் பொரித்து ஃபிரிட்ஜில் ஒரு தட்டு வைத்துவிட்டு வருவேன். விருந்தினர் எழுதுகிற கொப்பியில் ஒரு குடும்பம் எழுதியிருந்தது: மர்ச்சான் ஐயாவின் வேலைக்காரப் பெண்மணி ஒரு பொக்கிசம், அவவை விட்டுவிடாதீர்கள் என்று. நீதான் எனக்கு அதை வாசித்துக் காட்டினாய். நான் பெருமையோடு சிரித்தேன், அப்பாவையும் கூப்பிட்டுக் காட்டினேன். நீ சிரிக்கவில்லை. அதை நான் அப்போதே கவனித்திருக்கவேண்டும்.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். நீ மறந்திருக்க மாட்டாய். உனக்குப் பதின்மூன்று வயது, ஆடி மாதம், நல்ல வெயில். நாலு மணிக்கு வரவேண்டிய குடும்பம் இரண்டு மணிக்கே வந்து நின்றது. நான் அப்பாவின் பழைய பெனியனும் ரப்பர் கையுறையுமாக வாசலைத் துடைத்துக்கொண்டு நின்றேன், நீ தலையணை உறைகளோடு என் பக்கத்தில் நின்றாய். வந்த மடம், அந்தப் பிரெஞ்சு அம்மா, நல்ல மனுசி, இதில் அவவிலும் பிழை சொல்ல ஒன்றும் இல்லை. சிரித்துக்கொண்டு உன்னிடம் கேட்டா: "இந்த வீட்டுச் சொந்தக்காரர் இல்லையா? இவ இங்கே துப்புரவு வேலை செய்பவவா?" அந்த அளவு பிரெஞ்சு எனக்கும் விளங்கியது. நீ என்னைப் பார்த்தாய். பதில் எழுதும் விளையாட்டு வேறு, என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாயால் சொல்வது வேறு என்று உனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. எனக்குத்தான் விளங்கவில்லை. நான் மெதுவாக, "ஓம் எண்டு சொல்லு" என்றேன்.

நீ சொன்னாய். சொந்தக்காரர் பாரிசில் இருக்கிறார், இவ இங்கே வேலைக்கு வருபவ என்று, ஒரு சொல் தடுக்காமல் சொன்னாய். அந்த மடம் கைப்பையைத் திறந்து ஒரு காசுத் தாளை மடித்து என் கையுறைக்குள் வைத்தா, நான் நன்றி சொல்லி வாங்கினேன். திரும்பும்போது காரில் நீ பின்னால் இருந்தாய். வழியில் பெட்ரோல் அடிக்க நிறுத்தியபோது உனக்கு ஐஸ்கிறீம் வாங்கித் தரட்டா என்று கேட்டேன். வேண்டாம் என்றாய். பிள்ளை களைச்சுப்போச்சு என்று அப்பாவிடம் சொன்னேன். பாரிசுக்கு வெளியே பொண்டியைத் தாண்டும் வரைக்கும் அந்தப் பொய்யை நானே நம்பிக்கொண்டிருந்தேன்.

இனிச் சொல்லப்போவதை நான் யாருக்கும் சொன்னதில்லை, அப்பாவுக்கும் இல்லை. எழுதவா விடவா என்று இரண்டு நாள் யோசித்தேன். உன்னை நோகடிக்க எழுதவில்லை என்பதை முதலே சொல்லிவிடுகிறேன். நீ லிசே உயர்பள்ளியில் படிக்கும்போது ஒருநாள் பின்னேரம் லாச்சப்பல் மெட்ரோ வாசலில் உன் இரண்டு சிநேகிதிகளோடு நின்றாய். நான் தெருவின் மற்றப் பக்கத்தால் முருங்கைக்காயும் மீனும் நிறைந்த சாமான் வண்டிலை இழுத்துக்கொண்டு வந்து, உன்னைக் கண்டு கை காட்டினேன். நீயும் கை காட்டினாய். அந்தப் பிள்ளைகளில் ஒன்று, "அது ஆர்?" என்று கேட்டது. நீ, "எங்களுக்குத் தெரிந்த ஒரு ஆன்ரி" என்றாய். நான் அதற்குள் தெருவைக் கடந்து உங்களுக்குப் பின்னால் வந்துவிட்டேன் என்று உனக்குத் தெரியாது. எனக்குக் கேட்டது. மீன் கடைக்குள் திரும்பவும் போய், வாங்கிய மீனையே இன்னொரு தரம் விலை கேட்டுக்கொண்டு நின்றேன், நீங்கள் போகும் வரைக்கும். அன்றிரவு உனக்குப் பிடித்த புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும்தான் செய்தேன். நீ இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய்.

பிள்ளை, எனக்கு உன்னில் ஒரு துளி கோபமும் வரவில்லை. நீ எதைப் படித்தாயோ அதைச் சொன்னாய், படிப்பித்தது நான். வெயிலில் வாசல்படியில் நிறுத்தி, "ஓம் எண்டு சொல்லு" என்று நான் படிப்பித்த பாடம்தான் அது. இவ்வளவு வருடமாக உன்னிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று நினைப்பேன். பிறகு, இவள் மறந்திருப்பாள், கிளறாமல் விடுவோம் என்று என்னையே ஏமாற்றிக்கொள்வேன். போன ஞாயிறுதான் நீ ஒன்றையும் மறக்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது. என்னை மன்னித்துக்கொள். அந்த ஒரு சொல்லுக்காக நான் இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமை நான் ஏன் மறுத்தேன் என்று கேட்பாய். சனம் வராது என்று சொன்னது சாட்டு. உண்மை வேறு. இதை யோசித்துக்கொண்டு பழைய பெட்டியைக் கிளறியபோது அந்த முதல் விளம்பரத்தை எடுத்துப் பார்த்தேன். அப்பா எடுத்த படங்களைப் பார்த்தால் இப்போது சிரிப்பு வருகிறது. ஒரு படத்தில் பிளாஸ்டிக் கதிரைகள் அடுக்கியிருக்கின்றன, ஒரு படத்தில் கூரை ஒழுக்குக்கு வைத்த வாளி, இன்னொன்றில் அரைவாசி அப்பாவின் பெருவிரல். எழுத்திலும் வரிக்கு ஒரு பிழையாவது இருக்கும். அடுத்த கோடையில் பெயரை மட்டுமா மாற்றினோம்? கூரையைத் திருத்தினோம், படத்தை நீ எடுத்தாய், எழுத்தை நீ எழுதினாய். சனம் வந்தது மர்ச்சான் ஐயாவுக்காகவா, உனக்காகவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இனி அந்தப் பெயரைக் கழற்றி, எங்கள் பெயரைப் போட்ட பிறகும் சனம் அதே மாதிரி வந்தால், நான் அன்றைக்கு உன்னை அப்படிச் சொல்லவைத்தது ஒன்றுக்கும் தேவையில்லாமல் என்று ஆகிவிடும். அதைத் தாங்கமாட்டேன் என்றுதான் அந்த வீட்டையே நீ வேண்டாம் என்னும் அளவுக்குப் பிடிவாதம் பிடித்தேன். என் மனம் நோகக்கூடாது என்று இன்னொரு தரமும் உன்னைக் கொண்டு அந்தத் தகட்டைக் காவல் காக்கப் பார்த்தேன். எழுதும்போதுதான் இது எவ்வளவு அநியாயம் என்று தெரிகிறது.

ஆகவே செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வரும்போது, மெட்ரோவுக்குப் பக்கத்தில் பூட்டுக்குத் திறப்பு வெட்டி, சப்பாத்துத் தைக்கிற கடைக்குப் போனேன். அந்த மனுசன் பெயர்த் தகடும் செய்வார். எழுதித் தாருங்கள் என்றார். எழுதிக் கொடுத்தேன். விரலால் எழுத்தெழுத்தாக எண்ணிப் பார்த்துவிட்டு, "சரியான நீளம் மடம், சுருக்கலாமா?" என்று கேட்டார். ஹோட்டலில் என் சட்டையில் குத்துகிற அட்டையில் என் பெயரை நாலு எழுத்தாகச் சுருக்கிப் பத்தொன்பது வருடமாகின்றது. அவர்களுக்கு வாயில் வராதாம். "சுருக்க ஏலாது ஐயா, ரெண்டு வரியாப் போடுங்கோ" என்றேன். முதல் வரியில் அப்பாவின் பெயர், அதுதான் உன் பாஸ்போட்டிலும் உன் பெயருக்குப் பின்னால் நிற்கிறது. இரண்டாம் வரியில் என் பெயர், முழுதாக. உன்னுடையதையும் மாப்பிள்ளையுடையதையும் போட இடமில்லை. கீழே இன்னொரு தகட்டுக்குத் துளை போட்டுத் தரச் சொன்னேன். அப்பா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரு பகிடியும் விடாமல் குசினிக்குள் போய்விட்டார். கொஞ்ச நேரம் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றார்.

தகட்டை இந்தக் கடிதத்தோடு வைக்கிறேன். பழையதைக் கழற்றினால் எறிந்துவிடாதே. அந்த மனுசன் எங்களுக்கு ஒரு கெடுதியும் செய்யவில்லை, ரோசாச் செடிக்குப் பக்கத்தில் எங்காவது ஆணியில் கொழுவிவிடு. திறப்பு மூன்றும் அப்பாவிடம் இருக்கின்றன. மேல் அறையின் யன்னல் மழைக்கு ஊதும், தள்ளிப் பூட்டவேண்டும். விரிப்புகளை வெயிலில் காயப்போடு, மாப்பிள்ளை வாங்கப் பார்க்கிற அந்த உலர்த்தும் இயந்திரத்தை நம்பாதே. நாலு மணிக்கு முதல் வருகிறவர்களுக்குக் கதவைத் திறக்காதே, எவ்வளவு நல்ல மனுசராக இருந்தாலும் சரி. நான் திறந்ததால் வந்த வினைதான் இவ்வளவும். ரோல்ஸ் வைப்பதும் வைக்காததும் உன் விருப்பம். வைத்தால், அதைச் செய்தது ஆர் என்று பக்கத்தில் ஒரு துண்டில் எழுதி வை. உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, ஒரு நாள் அந்த வாசலில் உன் பக்கத்தில் நிற்கும். அப்போது உனக்குப் பயம் வந்தால், பயத்தை நீயே வைத்துக்கொள். பிள்ளையின் வாயில் கொடுக்காதே.

கடைசியாக ஒன்று. இந்த வருடம் ஆடி மாதம் முதல் கிழமைக்கு ஒரு பதிவு வந்திருக்கும், போய்ப் பார். மற்ற ஆட்களைப் போல இணையத்தில் பதிந்து வருகிறேன், என் முழுப் பெயரில், அப்பாவையும் கூட்டிக்கொண்டு. பதினேழு வருடத்தில் அந்த வீட்டில் நான் ஒருநாளும் விடுமுறைக்குப் படுத்து எழும்பியதில்லை. விரிப்பை நீ விரி, நான் கை வைக்கமாட்டேன், சத்தியம். சனிக்கிழமை சரியாக நாலு மணிக்கு நல்ல சேலையொன்று கட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்பேன். நின்று, அந்த மடம் கேட்ட மாதிரியே உன்னிடம் கேட்பேன், "இந்த வீட்டுச் சொந்தக்காரர் ஆர்?" என்று. அன்றைக்கு உனக்குப் பக்கத்தில் நின்று சொல்லித்தர ஒருவரும் இருக்கமாட்டார்கள். உனக்குத் தெரிந்ததை நீயே சொல்லு, குஞ்சு.

உன்னைப் பெற்ற அம்மா